மேஸ்திரி முதலில் இறங்கி வந்தது

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நான் எழுந்து நடமாடுகிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன், கடைக்குப் போய் வருகிறேன், இதை நலம் என்று சொல்லலாம் என்றால் நலம். நீயும் அங்கே அந்த அளவுக்காவது இருக்க வேண்டும் என்பதுதான் இப்போதைக்கு என் வேண்டுதல். ஞாயிற்றுக்கிழமை நீ போனைப் பாதியில் வைத்துவிட்டாய். நான் திரும்பக் கூப்பிடாதது கோபத்தால் இல்லை. போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வருகிறது, நான் அழுதால் நீ வைத்துவிடுகிறாய், இப்படியே போனால் சொல்ல வேண்டியதைச் சொல்லவே முடியாது என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் கீழே வைத்தாலும் மறுபடி எடுத்துப் படித்துக்கொள்ளலாம் அல்லவா.

வீட்டில் குளியலறைக் குழாய் ஒழுகுவது இன்னும் நிற்கவில்லை. கீழ்வீட்டுக்காரர் வந்து தன் வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்ததைக் காட்டினார், பாவம், இந்த நேரத்தில் சொல்லக் கூடாதுதான் என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனார். அப்பா இருந்தால் அன்று சாயங்காலமே கழற்றிப் போட்டிருப்பார். லிஃப்ட் கம்பெனியிலிருந்து அவருடைய கருவிப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கூட வேலை பார்த்தவர் வாசலில் நின்றுகொண்டு, ஊரில் எந்த லிஃப்ட்டில் ஏறினாலும் அண்ணன் கை பட்டது தெரியுதுங்க என்றார். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிற கட்டடத்து லிஃப்ட்டும் அப்பா பார்த்ததுதான், நான் இப்போது படியேறிப் போகிறேன். அவருடைய மலை சைக்கிள் கூடத்தில் புத்தக அலமாரி மேல் சாய்ந்து நிற்கிறது, சக்கரத்து மண்ணைக்கூட நான் துடைக்கவில்லை. கீழ்த்தட்டிலிருந்து புத்தகம் எடுக்க வேண்டுமானால் சக்கரக் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. எடுத்து வைத்தாலும் ஒரு பக்கத்துக்கு மேல் ஓடுவதில்லை.

நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. அப்பாவோடு சைக்கிள் ஓட்டின அந்த ஆட்கள் நம் வீட்டுப் படி ஏறக் கூடாது என்றாய். மேஸ்திரியை யாருக்காவது கொடுத்துவிடு, அப்பாவை மலையில் தனியாக விட்டுவிட்டு இறங்கி ஓடி வந்த நாய் இந்த வீட்டில் இருக்கிற வரைக்கும் நான் அங்கே கால் வைக்க மாட்டேன் என்றாய். நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது, வந்த வேகத்தில் திரும்பியும் போக வேண்டியிருந்தது, அந்தக் கூட்டத்தில் யாரோ படிக்கட்டில் வைத்து உன் காதில் போட்டது இரண்டே விஷயம், நாய் மட்டும் தனியாக இறங்கி வந்தது, இவர்கள் மலையடியில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று. இரண்டும் உண்மைதான். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு நீ அங்கே தனியாக ஒரு அறையில் எத்தனை இரவு உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் நீ வேண்டாம் என்று சொன்னதைச் செய்தேன். அவர்களை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

மூன்று பேரும் வந்தார்கள். பல் டாக்டரம்மா, கணக்கு வாத்தியார், உன் சிநேகிதன் ஸ்பேனர். சைக்கிள் கடையிலிருந்து அப்படியே வந்திருக்கிறான், கையெல்லாம் கறுப்பு மசகு, நாற்காலியைத் தொடப் பயந்துகொண்டு நின்றான். டீ போட்டுக் கொடுத்தேன். யாரும் குடிக்கவில்லை. நான் சுற்றி வளைக்காமல், அன்றைக்கு நீங்கள் கீழே உட்கார்ந்து என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள், ஒன்று விடாமல் எனக்குத் தெரிய வேண்டும் என்றேன். அது எதுக்கும்மா இப்ப என்றான் ஸ்பேனர். டாக்டரம்மாதான் கடைசியில், அக்கா, சொன்னா எங்களை நீங்க வெறுத்துடுவீங்க, பரவாயில்ல, சொல்றேன் என்று ஆரம்பித்தார்.

அவர்களுடைய பழக்கம் உனக்கு முழுதாகத் தெரியாது, எனக்கே அன்றுதான் தெளிவாகப் புரிந்தது. கூட்டமாக ஓட்டும்போது ஒருவர் எப்போதும் கடைசியில் வர வேண்டும், யாராவது விழுந்தாலோ செயின் அறுந்தாலோ அவர் கண்ணில் படாமல் போகாது. அந்த வேலையை அப்பா கேட்டு வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். வாரம் முழுக்க ஊரை மேலே ஏற்றிவிடுறேன், ஒரு நாளாவது எல்லாரையும் பத்திரமா கீழே இறக்குறேன் என்பாராம். தடத்தின் கடைசியில் ஏணி என்று அவர்களே பேர் வைத்த ஒரு செங்குத்துச் சரிவு. முன்பு ஒரு தடவை நம் மேஸ்திரியின் கால் அங்கே சக்கரத்தில் மாட்டப் பார்த்ததாம், அதிலிருந்து அப்பா சரிவின் தலையில் நின்று, போடா மேஸ்திரி, போய் வேலை நடக்குதான்னு பாரு என்று அதை முதலில் கீழே அனுப்பிவிட்டு, பிறகுதான் தான் இறங்குவார். ஆகவே மேஸ்திரி கீழே வந்துவிட்டால் அப்பா பின்னாலேயே வருகிறார் என்று அர்த்தம். எல்லாருக்கும் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்க அப்பா இருந்தார். அப்பாவுக்குப் பின்னால் பார்க்க ஆள் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை, அவருக்கும்தான்.

அன்று வாத்தியார் ஏணியில் பயந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கியிருக்கிறார். என்ன சார், சைக்கிளை வாக்கிங் கூட்டிட்டு வந்தீங்களா என்றானாம் ஸ்பேனர். அந்தப் பெரிய கல்லை விட்டுக் கண்ணை எடுக்க முடியலப்பா என்று இவர் சொல்ல, டாக்டரம்மா, கல்லை எதுக்கு சார் பாக்குறீங்க, கண்ணு எங்க போகுதோ சக்கரமும் அங்கதான் போகும், பக்கத்துல இருக்கிற வழியைப் பாருங்க, பிரேக்குல ஒரு விரல் போதும், இடுப்பைப் பின்னால தள்ளுங்க என்று பாடம் எடுத்திருக்கிறார். பின்னால தள்ளிடுவேன்மா, அதைத் திரும்ப முன்னால கொண்டு வர்றதுதான் வரமாட்டேங்குது என்றாராம் வாத்தியார். அப்போதுதான் மேஸ்திரி இறங்கி வந்திருக்கிறது. லிஃப்ட் அண்ணன் வந்துட்டாரு என்று சொல்லி அதற்கு ஆளுக்கொரு பிஸ்கட் போட்டிருக்கிறார்கள். பேச்சு வளர்ப்புப் பிராணிகள் பக்கம் போய்விட்டது. டாக்டரம்மா வீட்டுப் பூனை மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, விழுங்கின மாதிரி நடித்து, சோபாவுக்கு அடியில் போய்த் துப்பிவிடுகிறதாம். ஊர்ல இருக்கிறவங்க வாயெல்லாம் திறக்க வைக்கிறேன், என் வீட்டுப் பூனை வாய் எனக்குத் திறக்கல என்றாராம். வாத்தியார் தன்னுடைய ஆமையைப் பற்றிப் பெருமையாக, எங்க வீட்டுல நான் பேசுறதை நின்னு கேக்குற ஒரே ஜீவன் அதுதான் என்றிருக்கிறார். உடனே ஸ்பேனர், அது நின்னு கேக்கல சார், கிளம்பிப் போயிட்டிருக்கு, உங்களுக்குத்தான் தெரியல என்றானாம்.

இதைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. அவர் போன பிறகு முதல் தடவையாக, சத்தமாக, அடக்க முடியாமல் சிரித்தேன், அவர்கள் மூன்று பேரும் தலையை நிமிர்த்தவே இல்லை. அப்புறம் எனக்குச் சிரிப்பு எங்கே முடிந்தது அழுகை எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை.

மிச்சத்தை ஸ்பேனர் சொன்னான். மேஸ்திரி பிஸ்கட்டைத் தின்னவில்லையாம். குரைத்துவிட்டுச் சரிவில் ஏறிப் போயிருக்கிறது, திரும்ப இறங்கி வந்திருக்கிறது, இவன் கால்சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறது, மறுபடி ஏறிப் போயிருக்கிறது. நாம உக்காந்து கதையடிக்கிறது மேஸ்திரிக்குப் பிடிக்கல, வேலையைப் பாருங்கடான்னு அதட்டுறாரு என்று வாத்தியார் சொல்ல எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். மறுபடி இறங்கி வந்து, முன்னங்காலை நீட்டிக்கொண்டு இவர்கள் முகத்தையே பார்த்துக் குரைத்ததாம், விளையாடக் கூப்பிடுது என்று நினைத்தார்களாம். அதற்குப் பிறகு அது ஏறிப் போனது, திரும்பி வரவில்லை. குரைக்கிறது நின்னதும்தான் எந்திரிச்சு மேல ஓடினேம்மா என்றான். அப்பா ஏணியின் தலையிலேயே விழுந்து கிடந்திருக்கிறார், சைக்கிள் ஒரு பக்கம், மேஸ்திரி அவர் கால்கள் மேல் குறுக்காகப் படுத்திருந்ததாம், இவர்கள் கிட்டே போனபோது தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லையாம். அது விட்டுவிட்டு ஓடி வரவில்லை ராஜா. ஆள் கூப்பிட வந்தது. ஆள் வராது என்று தெரிந்ததும் அவரிடமே போய்விட்டது.

சீக்கிரம் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று நீ கேட்பாய். நான் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். பிழைத்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம், இதயம் அப்படி நின்றுவிட்டால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எப்படியும் நடந்திருக்கும் என்று உனக்கு எழுதிவிட்டால் நம் இரண்டு பேருக்கும் சௌகரியமாக இருக்கும், ஆனால் அப்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் உன்னிடம் சொல்ல மாட்டேன். எனக்கும் கோபம் வந்தது. அவர்கள் போன பிறகு அந்த டீக் கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கழுவும்போது ஒன்றை உடைத்தேன், வேண்டுமென்றுதான் உடைத்தேன். அப்புறம் துண்டுகளைப் பொறுக்கும்போது யோசித்தேன். மலையடியில் உட்கார்ந்திருப்பவர்கள் பூனையைப் பற்றியும் ஆமையைப் பற்றியும்தானே பேசுவார்கள், வேறு என்ன பேசுவார்கள். அந்தப் பேச்சில் போய் உட்காரத்தான் அப்பா வாராவாரம் அந்தச் சரிவில் இறங்கினார். அன்றும் அதற்காகத்தான் இறங்கத் தயாராக நின்றிருப்பார்.

ஸ்பேனரிடம் நீ இனி என் மூஞ்சியில் முழிக்காதே என்று சொன்னாயாமே. அவனாகச் சொல்லவில்லை, நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்காக அவன்கிட்ட எதுவும் பேசாதீங்கம்மா என்று கேட்டுக்கொண்டான், அதனால் பேசவில்லை. நான் கடைக்குப் போகிற நாட்களில் காலையில் வந்து மேஸ்திரியை நடக்கக் கூட்டிப் போகிறான். அது சரியாகச் சாப்பிடுகிறது, நடக்கிறது. ஆனால் குரைப்பதே இல்லை. தபால்காரர் வந்தாலும் இல்லை, பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னலில் வந்து நின்றாலும் இல்லை. நாய் டாக்டரிடம் காட்டினோம், தொண்டையில் ஒன்றும் இல்லை என்றார். அதன் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும், எனக்குத் தோன்றுவதை எழுதினால் நீ அம்மா கதை கட்டுகிறாள் என்பாய்.

நீ சொன்னதைப் பற்றி நன்றாக யோசித்துவிட்டேன். நாயை நான் கொடுக்க மாட்டேன். இதை எழுத எனக்குக் கை வரவில்லை, எனக்கு இருப்பது நீ ஒருவன், நீ வராமல் போய்விடுவாயோ என்று பயமாக இருக்கிறது, ஆனாலும் கொடுக்க மாட்டேன். ஆனால் அதோடு விடவும் எனக்கு மனசில்லை. அன்றிலிருந்து நீ போனில் என்னிடம் கத்துகிறாய், வைக்கிறாய், மறுபடி கூப்பிட்டுக் கத்துகிறாய். பிள்ளைக்குக் கோபம், ஆறட்டும் என்று நானும் இங்கே உட்கார்ந்துகொண்டிருந்தேன். இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ கூப்பிடவே இல்லை. கடையில் லீவு கேட்டிருக்கிறேன், மேஸ்திரியை ஸ்பேனர் பார்த்துக்கொள்வான், டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. நீ இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம். நான் வருகிறேன்.

வரவேற்க எதுவும் செய்ய வேண்டாம், படுக்க ஒரு பாய் இருந்தால் போதும். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை, கத்தினாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குத் தூங்கு, நல்லதே உன்னைச் சுற்றி இருக்கட்டும். வேலைக்குக் கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வை, நான் எந்த நேரத்தில் வந்து சேர்வேன் என்று தெரியாது.

பெட்டி கட்டிக்கொண்டே எழுதும்
உன் அம்மா