விதைக் குழியைத் திறந்த நாள்

பாகலூர் தபால்,
ஓசூர் தாலுகா.
சித்திரை 14, 1958.

அன்பு மகள் மங்கம்மாவுக்கு அப்பா திம்மராயன் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. முனியப்பன் காவலில் நானும் உன் அம்மாவும் மாடு கன்றும் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் அந்தக் குளிர் தேசத்தில் இருமல் சளி அண்டாமல் இருக்க வேண்டும் என்று உன் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறாள்.

கண்ணு, இந்த எழுத்தைப் பார்த்து இது யார் எழுத்து என்று நீ திகைப்பாய். நான்தான். கிராம சேவக் மாரிசாமி பொழுது சாய்ந்ததும் பஜனை மடத்தில் கிழவர்களுக்குப் பாடம் சொல்லித் தருகிறார் என்று முன்பு அவர் கையாலேயே உனக்கு எழுதச் சொன்னேன் அல்லவா, அந்தப் பாடம் முடிந்துவிட்டது. ஏர் பிடித்த கைக்குப் பேனா ரொம்ப லேசாக இருக்கிறது, அதனாலேயே வரியை விட்டு ஓடுகிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டு வரி எழுதுவேன். எழுதியதை நானே திரும்பப் படித்தால் நான் சொன்னதை எனக்கே யாரோ சொல்வதுபோல் இருக்கிறது, அந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று மாரிசாமி இன்னும் சொல்லித் தரவில்லை. உன் போன மாதக் கடிதத்தையும் நானே படித்தேன். முழுதாகப் படிக்க மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் முடிவில்தான் அழுதேன்.

முதல் இரண்டு நாள் பெருமையாகத்தான் இருந்தது. உலகத்தில் ஒருவரும் பசியோடு படுக்கக் கூடாது என்று அங்கே ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரி சமையலறையில் உன்னோடு வேலை செய்கிற வெள்ளைக்காரப் பெண்கள் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அந்தக் காசைத் தகர டப்பாவில் போடுகிறார்கள், சனிக்கிழமை மழையில் பலகை பிடித்துத் தெருவில் நடக்கிறார்கள், நீயும் அவர்களோடு நடக்கிறாய் என்று எழுதியிருந்தாயே, அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். உன் அம்மா, ‘ஏற்கெனவே ஈர்க்குச்சியாட்டம் இருப்பா, அவ எதுக்குச் சோத்த வுடணும்’ என்று சண்டைக்கு வந்தாள். நான் யோசித்துப் பார்த்தேன். நாமும்தான் ஏகாதசிக்குப் பட்டினி கிடக்கிறோம், புண்ணியம் நமக்கு வரட்டும் என்று. நம் முகத்தைக்கூடப் பார்க்காதவர்கள் நமக்காக ஒரு வேளை பசித்திருக்கிறார்கள். இதற்கு எந்தக் கோயிலில் பேர் எழுதி வைத்திருக்கிறார்கள்? கோலார் தங்கச் சுரங்கத்துத் துரை வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நீ கப்பலேறியபோது மகளைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன். இப்பொழுது இத்தனை பேர் நம் வீட்டு மனிதர்களாகிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் படித்தது வேறு. மாசி மாதம் நம் ஊரைப் பார்க்க வந்த சங்கத்து அம்மா, இந்த ஊரில் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் குறைவில்லை, சங்கம் நமக்கு வெட்டித் தருவதாக இருந்த கிணற்றை வேறு ஊருக்குக் கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார் என்றாய். அம்மா இரண்டு மைல் நடந்து தண்ணீர் கொண்டுவருகிறாள் என்று நீ மேடையில் சொன்னதை இப்பொழுது சிலர் பொய் என்கிறார்கள், ஊரில் என்னதான் நடந்தது அப்பா, ஜூன் மாதக் கூட்டத்துக்குள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருஷம் மழை பொய்த்தது உனக்குத் தெரியும். மாசியில் எந்த வீட்டு அடுக்குப் பானையிலும் ராகி இல்லை. இருந்தது ஊர்ப் பொதுத் தானியக் குழியில் அடுத்த விதைப்புக்காக மூடி வைத்த விதை ராகி மட்டும்தான். முதல் மழை விழாமல் அதைத் திறக்கக் கூடாது, திறந்தாலும் வீட்டுக்கு ஒருவர் சுற்றி நிற்க வேண்டும், தனியாக யாரும் கல்லை நகர்த்தக் கூடாது என்பதெல்லாம் நீ பார்த்து வளர்ந்ததுதான். அப்படிப்பட்ட நேரத்தில், கடல் தாண்டி ஒரு அம்மா வருகிறார், மங்கம்மாவின் சிநேகிதி என்று சேதி வந்தது. ஊர்க் கவுண்டர் கரியப்பன், ‘நம்ம பொண்ணு அனுப்புன ஆளு, வெறும் வயித்தோட அனுப்புனா நாம மனுசங்களா’ என்றார். எல்லோரும் சரி என்றோம், நானும்தான். இருபத்திரண்டு வீட்டாரும் சுற்றி நின்று குழியைத் திறந்தோம்.

அதோடு நின்றிருந்தால் ஒரு படியோடு போயிருக்கும். விருந்தாளியைத் தனியாக உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்லி நாம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது வழக்கமில்லையே. நாம் சாப்பிடாவிட்டால் அந்த அம்மாவுக்குத் தொண்டையில் இறங்குமா என்று ஊரே பந்தியில் உட்கார்ந்தது. குழியில் பாதி அன்றைக்கே களியாகிவிட்டது. மீதியை அடுத்த மழை வரை பிள்ளைகளின் வாய்க்கு எட்டாமல் வைத்திருக்க நமக்குத் திராணி இல்லை, அதுவும் தீர்ந்தது. சந்தையில் துணிக்கடை வைத்திருக்கிற முனீர் மாமா நாற்காலியும் கண்ணாடித் தம்ளரும் கொடுத்தார், அவர் வீட்டு அதியா அத்தை கல்யாண ஜமக்காளத்தையே அனுப்பினாள். பெண்கள் எல்லோரும் கோழி கூவும் முன்பே ஏரிக்குப் போய் நாலு நடை நடந்து ஒவ்வொரு வாசலிலும் பானை ததும்பத் தண்ணீர் வைத்தார்கள். அந்த அம்மா ஒவ்வொரு பானையாக எட்டிப் பார்த்துச் சிரித்துச் சிரித்து நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். கூட வந்த பெங்களூர்க்காரர், தண்ணீருக்குக் கஷ்டமா என்று கன்னடத்தில் கேட்டார். வந்தவரிடம் குறை சொல்லக் கூடாது என்று நாங்கள் எல்லோரும் ஒரே வாயாக, ஒன்றும் கஷ்டமில்லை என்றோம். இரண்டு கோடை கடப்பாரை போட்டும் பதினெட்டு அடியில் பாறை முட்டி நின்றுபோன கிணற்றின் மேல் முள்ளை வெட்டிப் போட்டு மூடினோம், விருந்தாளி தடுக்கி விழுந்துவிடப் போகிறாரே என்று.

அந்த அம்மா மேல் தப்பே இல்லை. கண்ணால் கண்டதை எழுதினார். நாங்கள்தான் காண விடவில்லை.

உன் கடிதம் வந்த பிறகு ஊர் கூடியது. மாரிசாமி, அன்றைக்குத் திருவிழா என்று எழுதிவிடலாம் என்றார். அவர் நல்லவர், நம்மைக் காப்பாற்றத்தான் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். என் மகளைப் பொய்க்காரி என்று சொல்கிறார்கள், அதைத் துடைக்க இன்னொரு பொய்யா? உள்ளதை உள்ளபடி எழுதப் போகிறேன் என்றேன். கரியப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. ‘விதையத் தின்னவங்கன்னு நீயே எழுதிக் குடுப்பியா? ஊரு மானம் கப்பலேறிப் போவும் திம்மராயா’ என்றார். ‘போவட்டும், எறங்குற எடத்துல எம் மவ நின்னுக்கினு இருக்கா, அவ எறக்கி வெச்சுக்குவா’ என்றேன். உன் அம்மா முதல் முறையாக ஊர்க்கூட்டத்தில் வாயைத் திறந்து, ‘தண்ணி சொமக்கிறது நாங்க, மானம் மட்டும் உங்களுதா’ என்று கேட்டாள். அதோடு கூட்டம் கலைந்தது. கப்பலில் போனால் ஜூனுக்குள் சேராது என்று மாரிசாமியே ஆகாயத் தபால் காகிதம் வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் குழியைத் தனியாகத் திறக்கக் கூடாது என்றால் இதை மட்டும் நான் தனியாக எப்படித் திறப்பேன்? அதனால் இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு போய், வீட்டுக்கு ஒருவரைக் குழியைச் சுற்றி நிற்க வைத்து, நேற்றுக் காலை நானே உரக்கப் படித்தேன். வெயில் ஏறிவிட்டது, ஆனாலும் ஒருவரும் நகரவில்லை. படித்து முடித்ததும் கரியப்பன் அந்தக் காலிக் குழியைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். கிழித்துப் போடச் சொல்வார் என்று பயந்தேன். அவர், ‘எல்லாம் எழுதுன, ஒண்ண வுட்டுட்டியே. அந்தம்மா ரெண்டாவது உருண்ட கேட்டு வாங்கித் தின்னாங்க. அதயும் எழுது’ என்றார். எழுதிவிட்டேன்.

கூட்டத்தில் இதை அப்படியே படி. எங்களை இல்லாதவர்கள் என்று மட்டும் சொல்லி அழாதே, அந்த அம்மாவை ஒரு வார்த்தை குறை சொல்லாதே. விதையைப் பற்றிக் கேட்டால், முனீர் மாமா தெரிந்தவர்களிடம் சொல்லி இரண்டு மூட்டை வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறார், விதை எங்கள் பாடு, பாறைதான் எங்களால் ஆகவில்லை என்று சொல். வேறு ஊருக்குத்தான் கிணறு என்று முடிவானாலும் அவர்களும் தாகத்தோடு இருப்பவர்கள்தான், நீ மனம் தளராமல் சனிக்கிழமை நடக்கப் போ. வெள்ளிக்கிழமை பட்டினி இரு, ஆனால் வியாழக்கிழமை வயிறாரச் சாப்பிடு, இது உன் அம்மா சொன்னது.

முனியப்பன் உன்னோடும் உன் சிநேகிதிகளோடும் துணையிருக்கட்டும், நீங்கள் நடக்கும் தெருவெல்லாம் நல்லது விளையட்டும். பதிலைப் பெரிய எழுத்தில் எழுது, நானே படிக்க வேண்டும். அந்த அம்மாவை மறுபடியும் வரச் சொல். இந்த முறை பானையை நிறைத்து வைக்க மாட்டோம், உன் அம்மா ஏரிக்குப் போகும்போது கூடவே நடந்து வரட்டும். வந்த பிறகு களி எப்படியும் உண்டு.

உன் அப்பா,
திம்மராயன்.