இடது பக்கமாகப் படுக்கவும்

ஐப்பசி, வியாழன் இரவு.

வயிறு காலி! எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

நாளைக் காலை பெருமாள் சன்னதியில் பூஜை செய்வது என் முறை. நடுவில் எழுந்து போனால் மறுபடி தீர்த்தமாடிவிட்டுத்தான் உள்ளே நுழையலாம். வயிறோ இந்த வாரம் முழுக்கக் கல்லாகக் கிடந்தது. சாயங்காலம் வெட்கத்தை விட்டு மெடிக்கல் ஷாப்பில் எனிமா கேட்டேன். இரண்டாகக் கொடுங்கள் என்றேன்.

கடைக்காரர் முறைத்தார். "சாமி, கிட்னி, ஹார்ட்டுன்னு எதனா கீதா? வயித்துவலி, வாந்தி?"

இல்லை என்றேன்.

"அப்ப ஒரு நாளைக்கு ஒண்ணுதான். அதுக்கும் ஆவலன்னா டாக்டராண்ட போங்க. இன்னொண்ணு போட்டுக்கினு குந்தாதீங்க."

வீட்டில் பாயில் படுத்து முழங்காலை மடக்கினேன். அட்டைப்பெட்டியை வாசித்துக்கொண்டிருந்த என் மனைவி கத்தினாள்: "ஏன்னா, படத்தில இடது பக்கமா படுத்திண்டிருக்கான். நீங்க பெருமாளாட்டம் வலது பக்கம் சயனிச்சிண்டிருக்கேளே!"

உண்மைதான். பிறந்ததிலிருந்து சேவித்த பள்ளிகொண்ட கோலம், உடம்பு தானாக அப்படிச் சாய்ந்துவிட்டது. திரும்பிப் படுத்தேன். நுனியை மெதுவாகச் செலுத்திப் பாட்டிலைப் பிழிந்தேன். முட்டிக்கொண்டு வரும்வரை அடக்கினேன். சில நிமிஷம்தான். அப்புறம் நான் ஓடிய ஓட்டத்தைத் தேர்த்திருவிழாவில்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்!

சொம்பு நிறையத் தண்ணீர் குடித்தாயிற்று. வயிறு கல்லானதே தண்ணீர் குடிக்காததால்தான்; மடி என்று சாக்குச் சொல்லி இனி அதைத் தள்ளிப்போட மாட்டேன்.

நாளைக்குத் திரை விலகும்போது நான் நிமிர்ந்து நிற்பேன். படுத்திருப்பது பெருமாள் மட்டும்தான்.