மன்றாட்டில் நுழைந்த வேட்பாளர்

24 பிப்ரவரி 1985, ஞாயிறு

காலைப் பூசையில் மன்றாட்டு வாசிப்பது வழக்கம்போல நான்தான். பீடத்துக்குப் போகும்போது பங்குச் சாமியார் ஒரு துண்டுச் சீட்டைக் கையில் திணித்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வேட்பாளரின் பெயர் அதில். நம் கல்லறைத் தோட்டத்துக்கு மதில் கட்டித் தருகிறாராம். மறுக்க நேரமில்லை. அவர் பெயரைச் சொல்லி, வெற்றிக்காக மன்றாடுவோம் என்று வாசித்தேன். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில் முழுவதும்.

வாசலில் மீன் விற்கும் செசிலி பிடித்துக்கொண்டாள். "நீங்களே வேண்டிக்கிட்டீங்க, இனிமே என்னங்கய்யா யோசனை? எங்க வீட்டு ஆறு ஓட்டும் அவருக்குத்தான். ஒங்களுதும்தானே?"

தலையாட்டிவிட்டேன். பிரெஞ்சுக்காரர் இந்த ஊரைவிட்டுப் போனபோது அவர்கள் குடியுரிமையையே வைத்துக்கொண்ட பிரெஞ்சுப் பிரஜை நான், இங்கே எனக்கு ஓட்டே கிடையாது என்று அவளுக்குத் தெரியாது. சாமியாருக்குத் தெரியும். அடுத்த ஞாயிறும் அதே சீட்டை என்னையே வாசிக்கச் சொல்லியிருக்கிறார்.