ரீஸ்டார்ட் செய்ய மாட்டேன்

நிலைய நாள் 212. காலை 06:10
எழுந்ததும் முதல் வேலையாக ஐந்து நெட்வொர்க் ஸ்விட்சுகளின் மீதும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சூடு சரி. விசிறிச் சத்தம் சரி. முதுகுப்புறம் ஒன்றையொன்று கோக்கும் கேபிள்கள் இறுக்கமாக இருக்கின்றன.

இதைக் கண்டெடுப்பவருக்கு: இது நிலவின் தென்முனை நிலையம்; நான் தட்டச்சும் ஒவ்வொரு எழுத்தும் பூமியின் சேமிப்பகத்துக்குப் போகிறது, அங்கே யாரும் உடனே படிப்பதில்லை. இருவர் இருக்கிறோம். நான் தில்லைநாயகி, நெட்வொர்க் பொறியாளர். பாறை துளைக்கும் ததேயு, குளச்சல்காரன். ‘ஸ்டாக்’ என்று அடுக்கிய ஐந்து ஸ்விட்சும் ஒரே இயந்திரம் போல இயங்கும். முதலாவது தலைமை, மற்ற நான்கும் அதன் சொல் கேட்கும். கதவு, காற்று, பூமித் தொடர்பு எல்லாம் இவை வழியாகத்தான்.

நேற்று வண்டியின் அச்சு உடைந்து, ததேயு பள்ளத்துக் குடிலில் தங்கிவிட்டான். விண்வெளி உடுப்பின் பேட்டரி ஏறி அவன் நடந்து வர நாளைக் காலை ஆகும். இங்கிருந்து சமிக்ஞை போகும்வரைதான் குடிலின் காற்று வால்வு திறந்திருக்கும். நின்றால் மூடிக்கொள்ளும். அப்புறம் உடுப்பில் உள்ள ஒரு மணி நேரக் காற்றுதான்.

ரேடியோவில் கேட்டான்: “எக்கா, ஒங்க அஞ்சு பிள்ளைகளும் காப்பி குடிச்சாச்சா?”

09:40
மூன்றாவது ஸ்விட்சில் கேபிள் செருகும் ஒரு போர்ட் விட்டு விட்டு அணைகிறது. இறங்குதளக் கேமராப் படம் அறுபடுகிறது, அவ்வளவுதான். தரைக் கட்டுப்பாட்டிலிருந்து வரதன்: “மேடம், மொத்த ஸ்டாக்கையும் ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிடுங்க. எல்லா நிலையத்துலயும் அதான் பண்றோம்.”

கேபிளை மாற்றினேன். படம் வந்தது, மீண்டும் போனது.

11:20
ரீஸ்டார்ட்டுக்குப் பின் எது தலைமை என்று முடிவு செய்யும் முன்னுரிமை எண்களை முதலில் படிப்பது என் வழக்கம். படித்தேன்.

ஐந்தாவது ஸ்விட்ச், பூமியிலிருந்து போன முறை வந்த விண்கலத்தில் இறங்கிய புதுசு. புதுசுதானே என்று போன வாரம் கீழே பூமியிலிருந்தே அதற்கு எல்லாவற்றையும் விட உயர்ந்த முன்னுரிமை கொடுத்திருக்கிறார்கள். அமைப்புகளை அதில் சேமிக்க மறந்துவிட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் தலைமையை அது அசைக்காது. ரீஸ்டார்ட் ஆனால் அதுதான் தலைமை. மற்ற நான்கும் தம்மிடம் இருப்பதை அழித்துவிட்டு அதன் வெறுமையை வாங்கிக்கொள்ளும். வால்வு மூடும். ஒரு மணி நேரத்துக்குள் அமைப்புகளைத் திரும்ப எழுதி அதைத் திறக்க யாராலும் முடியாது.

ஐந்தை உருவி எறியலாம். குடிலின் கேபிள் அதில்தான் செருகியிருக்கிறது. எண்ணை மாற்றவும், மற்றவற்றில் காலி போர்ட்டைத் திறக்கவும் தேவையான கடவுச்சொல் கீழே இருக்கிறது.

13:05
“மேடம், டெஸ்ட்ல எல்லாம் பச்சையாத்தான் காட்டுது.”

“உங்க டெஸ்ட் ஸ்டாக்ல ததேயு இல்லை, வரதன். எண்ணை மாத்துங்க. இல்லைன்னா கடவுச்சொல்லைக் கொடுங்க.”

“அதுக்குக் கமிட்டி அனுமதி வேணும். நாளைக்கு மதியம்தான் கூடுது. இன்னைக்கு ராத்திரி கலம் எறங்கறதுக்கு முன்னாடி கேமரா சரியா இருக்கணும். நீங்க பண்ணலைன்னா அஞ்சு மணிக்கு இங்கேர்ந்தே கமாண்ட் போயிடும்.”

“அப்ப உங்க பேரைப் போட்டு அனுப்புங்க.”

 

15:30
ததேயுவிடம் நிலைமையைச் சொன்னேன்.

“எக்கா, அவனுவகிட்ட சண்டை போட்டு, நீங்க இன்னைக்கு ராத்திரி கலத்துல வீட்டுக்குப் போறதக் கெடுத்துராதிய.”

“வாயை மூடிட்டுப் பேட்டரியைப் பாரு.”

“ஆறாவது பிள்ளைன்னு நெனச்சிட்டியளோ என்னைய?”

சிரித்தான். எனக்கு நாற்பத்தாறு வயது. ‘உத்தரவுப்படி’ என்று எத்தனை அறிக்கைகளில் எழுதியிருப்பேன்! இந்த ஒன்றில் எழுத மாட்டேன்.

16:48
முதல் ஸ்விட்ச், கடைசி போர்ட், நீலக் கேபிள். பூமி அதன் வழியாகத்தான் வருகிறது. ஐந்து மணிக் கட்டளையும். அதற்குள் அதை உருவிவிடப் போகிறேன்; திரும்பச் செருகினால் கட்டளையும் உள்ளே வரும்.

இன்றிரவு கலம் பூமி வழியாக இறங்க அனுமதி கேட்கும். பதில் சொல்லாத நிலையத்தில் கலம் இறங்காது, திரும்பிவிடும். அடுத்தது எட்டு மாதம் கழித்து. இருக்கிற சாப்பாடு ஐந்து மாதத்துக்கு. அரைவயிறாகச் சாப்பிட்டால், பார்க்கலாம்.

கட்டிவைத்த பையை அவிழ்த்துவிட்டேன்.

வரதனிடம் சொல்லவில்லை. ததேயுவிடமும் சொல்லவில்லை. சொன்னால் வால்வை அவனே மூடிக்கொண்டு என்னைக் கலத்தில் ஏற்றிவிடுவான். ஏறட்டும் பேட்டரி.

16:58
ஒரு கை தட்டச்சில். மறு கை நீலக் கேபிளின் கிளிப்பில். ஐந்து பச்சை விளக்குகள்.

ஸ்பீக்கரில் வரதன்: “மேடம், லைன்ல இருக்கீங்களா?”

இருக்கிறேன். இன்னும் ஒரு நிமிட