லிச் கேட்டில் போட்ட கல்

சேசு மரி சூசை துணை

கணியம்பாடி,
14 ஆகஸ்டு 1938

அன்புள்ள மகள் மதலேனாளுக்கு அப்பா எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், ஹூப்ளியில் நீயும் மாப்பிள்ளை ஜேம்ஸும் வயிற்றில் இருப்பதும் அப்படியே இருக்க வேண்டும். நாற்பது ஆவதற்குள் என்னைத் தாத்தா ஆக்கப் போகிறாய், ஆகட்டும். உன் கடிதம் வந்தது. அப்பன் பிணத்துக்கு வாசல் கட்டுகிற ஊருக்கு ஏழு மாத வயிற்றோடு அனுப்ப மாட்டேன் என்று மாமியார் சொல்கிறார்கள், லிச் கேட் என்றால் உண்மையில் என்ன என்று கேட்டிருக்கிறாய். உன் அம்மா யாரையோ பிடித்து உனக்கு எழுத வைத்ததன் பலன் இது. எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, உள்ளதை எழுதுகிறேன்.

லிச் கேட் என்பது கல்லறைத் தோட்டத்துக்குக் கூரை போட்ட வாசல்தான். லிச் என்றால் பழைய இங்கிலீஷில் உடம்பு, போகப் போகப் பிணம் என்று ஆகிவிட்டது. இங்கிலாந்தில் ஓயாத மழை, பெட்டி தூக்கி வருகிறவர்கள் குருவானவர் வரும்வரை நனையாமல் நிற்க ஒரு கூரை, பெட்டியை இறக்கி வைக்க நடுவில் ஒரு கல், அவ்வளவுதான். கல்யாண ஜோடியும் அதே வாசலில்தான் கோயிலுக்குள் போகுமாம், நம் இங்கிலீஷ்காரச் சாமியார் சொன்னார். அவருடைய தமையனார் அங்கே கட்டட என்ஜினீயர், அமிர்தி ரோட்டில் எழும்பும் புதுக் கோயிலுக்கு அவர் போட்ட பிளான் இது, கட்டுவது நான். கூரை நன்றாக வந்திருக்கிறது, நானே சொல்கிறேன். அங்கே இன்னும் ஒருவரையும் புதைக்கவில்லை. அதற்குள் மலையிலிருந்து புளியும் சாமையும் சுமந்து இறங்குகிற பெண்கள் அந்தக் கல்மேல் கூடையை வைத்து மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டார்கள்.

உன் அம்மாதான் அடங்கவில்லை. புள்ளத்தாச்சிப் பொண்ண வெச்சிக்கினு பொணத்துக்கு மேடை கட்றீங்களே, இன்னா மனுஷங்க நீங்க என்று கேட்டவள் அதோடு பேச்சை நிறுத்தினாள். கல்லுக்கு என்ன தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன். தொல்லை விட்டால் போதும் என்று கல்லைப் பெயர்த்தேன். கூடையை எங்கே வைப்பது என்று மலைப் பெண்கள் கேட்டார்கள், ரோட்டோரம் இரண்டு கல்லை நட்டு அதன்மேல் இதைப் படுக்கப் போட துரைக்கண்ணு மேஸ்திரியிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். அய்யோ, சொமதாங்கியா வெச்சீங்க என்று அலறினாள் உன் அம்மா. வயிற்றுப் பிள்ளையோடு செத்தவள் பேரில் அல்லவா சுமைதாங்கி வைப்பார்கள், அது எனக்கும் தெரியும், ஆனால் என் புத்தியில் அப்போது உயரமும் பாரமும்தான் இருந்தன. ஏன் ஐயா சொல்லவில்லை என்று மேஸ்திரியைக் கேட்டால், கேட்டா கத்துவீங்க, அதான் வாய மூடிக்கினேன் என்கிறான்.

உன் அம்மாவின் தங்கை, உன் சித்தி பிலோமினாளை உனக்கு நினைவிருக்காது, அப்போது உனக்கு நான்கு வயது. நிறைமாதத்தில் போனாள். கண்ணமங்கலம் ரோட்டில் அவள் பேரில் உன் தாத்தா வைத்த சுமைதாங்கி இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உன் அம்மா வரப்பில் இறங்கித்தான் நடப்பாள், குறுக்கு வழி என்றே நான் நினைத்திருந்தேன். அந்தக் கல்லைப் பார்க்க முடியாமல்தான் என்று அன்றைக்குத்தான் அழுதுகொண்டே சொன்னாள். நான் ஆறுதல் சொல்லப் போய், பிலோமினாள் சகுனத்தால் சாகவில்லை, வலி கண்டு இரண்டு நாள் ஆகியும் வேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்ட ஒருத்தனும் இல்லாமல் செத்தாள் என்று சொல்லிவிட்டேன். அழுகை சட்டென்று நின்றது. அப்ப நீங்க வண்டி கட்டுங்க, வாய் பேசாதீங்க என்றாள். ரோட்டோரக் கல்லை எடுத்துவிடவா என்றதற்கு, வெச்சது இருக்கட்டும், சொம தூக்கறவளுங்க பாவம் என்றாள். கல் இல்லாவிட்டால் அது வெறும் கேட் என்று சாமியாருக்குத்தான் வருத்தம். இருக்கட்டும் என்றேன்.

ஆகவே லீவு போட்டாயிற்று, நானே வருகிறேன். வேலூரில் லேடி டாக்டரிடம் பேசியிருக்கிறேன், ஐப்பசி முழுக்க வண்டியும் மாடும் நம் வாசலிலேயே நிற்கும். மாமியாருக்கு இதை ஒளிக்காமல் படித்துக் காட்டு. அதற்கு மேலும் அனுப்ப மனமில்லை என்றால் நான் சண்டை போட மாட்டேன், உன் அம்மா அங்கே வந்து இருப்பாள். தண்ணீர்க் குடம் தூக்காதே, வெறும் வயிற்றில் கோயிலுக்குப் போகாதே, கால் வீங்கினால் வெட்கப்படாமல் மாப்பிள்ளையிடம் சொல். தேவமாதா உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றட்டும், இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே, எங்கே பெற்றாலும் டாக்டர் இல்லாத இடத்தில் பெறாதே. சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்குவேன். நீ என்னோடு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, உன் வீட்டிலிருந்து அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியை ஒருமுறை நானே நடந்து பார்க்காமல் ஹூப்ளியை விட்டுக் கிளம்ப மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ம. பிலிப்ராஜ், ஓவர்சியர்