மகள் ஏறிய காற்றாலை

ஆனி 12, வியாழன்

காலையில் எழுந்ததும் மாடித் துணிகளை உள்ளே எடுத்தேன். சாரல்.

பிறகு இவரோடு சுந்தரபாண்டியபுரம் போனேன். நான் கல்லூரியில் படித்தபோது நடப்பட்ட குட்டைக் காற்றாலைகளைக் கழற்றிவிட்டு, பெரிதாக ஒன்று நிறுத்தியிருக்கிறார்கள். பழையவை எத்தனையோ சேர்ந்து தந்த கரண்டை இது ஒன்றே தருமாம். காற்று தணிந்த நேரம் பார்த்து அதன் உச்சிக்கு ஏறிய இன்ஜினீயர் என் மகள் செல்வி. மேலேயிருந்து போன் செய்தாள்.

“எம்மா, குற்றாலம் அருவி இங்கன இருந்தே தெரியுது. நீ எறும்பு கணக்கா நிக்கெ!”

“ஏட்டி, பேசாம வேலையப் பாரு!”

“கல்யாணம் வரைக்கும் ஏறட்டும்” என்றார் இவர். அதன்பின் வேலை கூடாது என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். செல்வியும் தலையாட்டியிருந்தாள்.

இறங்கி வந்து அவள் பொத்தானை அழுத்தியதும் றெக்கைகள் சுழன்றன. நான் சின்னப்பிள்ளை போலக் கைதட்டிவிட்டேன். வயலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நாளை நானே மாப்பிள்ளை வீட்டுக்குப் பேசி, அவள் வேலையை விடமாட்டாள் என்று சொல்லப் போகிறேன். இவருக்கு இன்னும் தெரியாது.