வானதியைக் கூப்பிடுகிறார்கள்

நன்னிலம்
ஆவணி 22

அன்புள்ள தம்பி அறிவுச்செல்வனுக்கு,

அக்கா செம்மொழி எழுதுவது. அம்மா உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் நலம் விசாரித்து எழுதும் அளவுக்கு என் மனசு இப்போது இல்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

போனில் பேசாமல் என்ன கடிதம் என்று நினைப்பாய். போன வாரம் மூன்று தடவை கூப்பிட்டேன். "ஷூட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிட்டாய். ஏழு நிமிஷம் பேசி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்று வந்தது. நீ அதைக் கேட்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் விரல் எழும்பியிருக்காது. காகிதத்தையாவது முழுசாகப் படிப்பாய் என்று, அங்கன்வாடியில் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டாயிற்று. வாய்க்காலில் தண்ணீர் ஒரு நாள் வருகிறது, இரண்டு நாள் நிற்கிறது. கடைமடைக்காரன் தலையெழுத்து அப்படி. குத்தகை நிலத்தில் இந்த வருஷமும் தானே இறங்கி நடுவேன் என்று அம்மா பிடிவாதம் பிடிக்கிறாள். முட்டி வலிக்கு நீ அனுப்பிய தைலம் தீர்ந்துவிட்டது.

இனி உன் வரப்பு பாய்ஸ் சேதிக்கு வருகிறேன்.

உங்கள் டிவி காமெடி நிகழ்ச்சிக்காக நாலு பேருக்கு ஒட்டு மீசையும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டி, லுங்கியை மடித்துக் கட்டி, கையில் கிடாரைக் கொடுத்து, "டெல்டாவின் முதல் பாப் பேண்ட்" என்று நீ இறக்கிவிட்டபோது நானும்தான் சிரித்தேன். நாலு பேரில் ஒருத்தனுக்கும் பாடத் தெரியாது, ஒருத்தனும் சேற்றில் கால் வைத்ததில்லை, அதுதாங்க்கா காமெடியே என்று சொன்னாய். சரி. ரேஷன் கடைப் பாட்டும் பம்புசெட் பாட்டும் நன்றாகத்தான் இருந்தன. விளையாட்டுக்குச் செய்த பேண்டை ஜனங்கள் நிஜமாகவே ஆக்கிவிட்டார்கள், கோயில் திருவிழாவுக்குக் கூப்பிடுகிறார்கள், துபாய்க்குக் கூப்பிடுகிறார்கள் என்று ஊரெல்லாம் பெருமையடித்தவளும் நான்தான். வானதி பாட்டு வரும்வரைக்கும்.

அந்தப் பாட்டு உனக்கு எங்கே கிடைத்தது என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் தீபாவளிக்கு வந்தபோது, அம்மா நட்டுக்கொண்டே தனக்குள் பாடியதை வரப்பில் அவளை ஒட்டிக் குனிந்து போனில் பிடித்தாய். என்ன பாட்டும்மா என்று கேட்டாய். "சும்மா நடவுப் பாட்டுதாண்டா" என்றாள். நான் பக்கத்தில்தான் நாற்று முடிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாதது என் குற்றம், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் உனக்கு எங்கே போயிற்று புத்தி? நடவுப் பாட்டு என்றால் பத்துப் பெண்கள் சேர்ந்து பாடுவது. ஒருத்தி விட்டால் இன்னொருத்தி பிடிப்பாள், கேலி இருக்கும், குலவை இருக்கும். ஒருத்தி மட்டும் ஓரமாகக் குனிந்து, பக்கத்து ஆளுக்குக்கூடக் கேட்காமல் பாடினால் அது நடவுப் பாட்டா? அது ஒப்பாரி. இந்தச் சேற்றில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரிய வேண்டாமா?

"வரப்புல உக்கார வச்சேன் வானதி, வந்து பார்த்தாக் காணலியே வானதி" என்ற அம்மாவின் வரிகளை அப்படியே வைத்துக்கொண்டாய். மீசைக்காரன் அதைப் பாடியதும், மற்ற மூன்று பேரும் இடுப்பை ஆட்டிக்கொண்டு "பக்கத்தூருப் பையனோட பஸ்ஸேறிட்டா" என்று பதில் சொல்கிறார்கள். பின்னாலேயே சிரிப்புச் சத்தம். அந்த பஸ் வரி அம்மா பாடியதில்லை. நீ எழுதியது.

வானதி யார் என்று இப்போது சொல்கிறேன். நம் அக்கா. நீ பிறப்பதற்கு நாலு வருஷம் முன்பு செத்துப்போனவள். அப்பா தேடித் தேடித் தமிழ்ப் பெயர் வைத்தது இரண்டு பிள்ளைக்கு இல்லை, மூன்று பிள்ளைக்கு. அவளுக்கு அப்போது ஐந்து வயது, நான் கைக்குழந்தை. பூவரச மரத்தில் தூளி கட்டி என்னைப் போட்டு, அவளை வரப்பில் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு அம்மா நடவுக்கு இறங்கியிருக்கிறாள். நான் துணியை நனைத்துவிட்டேன். அதை அலசிக்கொண்டு வரலாம் என்று அந்தப் பிள்ளை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. வாய்க்காலில் அன்றைக்குத்தான் புதுத் தண்ணீர் திறந்து விட்டிருந்தார்கள். கையிலிருந்த நாற்று முடியை நட்டு முடித்து அம்மா நிமிர்ந்தபோது வரப்பில் ஆள் இல்லை. கரையில் என் துணி கிடந்ததாம்.

அதற்கப்புறம் அம்மா பித்துப் பிடித்தவளாகத் திரிந்ததால், வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுக்கக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா வயலுக்குப் போய் அங்கே மட்டும் சொல்லிக்கொண்டாள். எனக்கே செந்தாமரை அத்தை சொல்லித்தான் தெரியும், அதுவும் நான் பெரியவளான பிறகு. அன்றைக்கு நனைந்தது என் துணி. இப்போது அந்தப் பாட்டு கேட்காத இடம் எது? டீக்கடையில், மினிபஸ்ஸில், இங்கே அங்கன்வாடியில். நேற்று நாலு வயது இர்ஃபானா இடுப்பை ஆட்டி ஆடிக் காட்டியபோது அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். அந்தப் பிள்ளை என்ன செய்யும், பாவம்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா மகன் தமிழரசன் கல்யாண வரவேற்பு. மண்டபத்தில் உன் பாட்டைப் போட்டார்கள். எழுதின பையனோட அம்மா இங்கேதான் இருக்காங்க என்று எவனோ சொல்ல, அம்மாவைக் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். மைக்கை நீட்டி, "சொல்லுங்கம்மா, வானதி எங்க போனா?" என்று கேட்டான் ஒருத்தன். அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மண்டபமே சேர்ந்து பஸ்ஸேறிட்டா என்று கத்தியது. அவள் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கி வந்து, பந்தியில் உட்காராமல் செருப்பைத் தேடினாள்.

நான் கூப்பிட்டால் எடுக்க நேரமில்லாத உனக்கு, மறுநாள் அம்மாவோடு பேச மட்டும் நேரம் இருந்திருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை சிறப்பு நிகழ்ச்சியாம். "வானதி கிடைச்சாச்சு" என்று தலைப்பாம். யாரோ ஒரு நடிகை பஸ்ஸிலிருந்து இறங்கி வானதியாக வருவாளாம். பாட்டைக் கொடுத்த தாய் என்று அம்மாவை முதல் வரிசையில் உட்கார வைப்பாயாம், கார் அனுப்புவாயாம். அம்மா சரிப்பா என்றாளாம். அவள் சரி என்றால் அது சம்மதமா? நீ கேட்டு எதற்காவது அவள் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாளா, யோசித்துப் பார்.

"அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாதடி, தெரியாமச் செஞ்சுட்டான், புள்ள பொழப்புக் கெட்டுடும்" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். மீறிவிட்டேன். அந்தப் பாவம் என்னோடு போகட்டும். பாட்டு சேனலுக்குச் சொந்தம், என் கையில் இல்லை, கோடிப் பேர் பார்த்தாச்சு என்று நீ ஆரம்பிப்பாய். அதெல்லாம் என்னிடம் வேண்டாம். தெரியாமல் செய்தது இதுவரைக்கும்தான். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு செய்தால் அது தெரிந்து செய்தது.

நேற்றுச் சாயங்காலம் அம்மா என் போனைக் கொண்டுவந்து, அந்தப் பாட்டைப் போடு என்றாள். மாட்டேன் என்றேன், விடவில்லை. போட்டேன். இன்னொரு தடவை என்றாள். மூன்று தடவை கேட்டாள். நான் உன்னைத் திட்ட வாயெடுத்தேன், அவள் தடுத்தாள். "ஊரு ஊரா அவ பேரச் சொல்றாங்கடி. இத்தன வருஷமா நான் ஒருத்திதானே கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். கூப்பிடட்டும்" என்றாள். அப்புறம் என்னைக் கேட்டாள்: "கூப்பிட்டுட்டு ஏண்டி சிரிக்கிறாங்க?"

அந்தச் சிரிப்பை எழுதியவன் நீ, உனக்குத் தெரிந்திருக்கும். கார் அனுப்பாதே. வியாழக்கிழமைக்குள் நீயே வா. நான் திட்டியதெல்லாம் இந்தக் காகிதத்தோடு சரி, வாசலில் வைத்து ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார். அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாவிட்டால் பரவாயில்லை, அந்தப் பெயரை நீ ஒரு தடவை சிரிக்காமல் சொல். பெற்ற பிள்ளை வாயால் அவள் அதைக் கேட்டதே இல்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், தம்பி.

உன் அக்கா,
செம்மொழி